நிலவின் ஏரிக்கு வாரியம் யார்?

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளம், பெயரிலேயே நீரைச் சுமந்து நிற்கும் ஊர். விஜயநகர ஆட்சிக் காலத்தில் லட்சுமிகுமார தாத்தாச்சாரியார் வெட்டுவித்ததாகச் சொல்லப்படும் பெருங்குளமே அவ்வூரின் பெயருக்கு விளக்கம். அங்கே நடவாவிக் கிணறு என்ற ஒன்றும் உண்டு. படிகளில் இறங்கி நிலத்தடிக்குச் சென்றால் கற்றூண்கள் தாங்கிய மண்டபம் இருக்கும். மண்டபத்தின் நடுவே கிணறு இருக்கும். ஆனால் மற்ற நாட்களில் அந்த மண்டபம் நீருக்குள் மறைந்து கிடக்கும். சித்திரை முழுநிலவு நாளில் காஞ்சி வரதராசப் பெருமாள் அங்கு எழுந்தருளும் விழாவுக்காக நீரை இறைக்கும்போதுதான் தூண்கள் வெளிப்படும்.

அது நம் இந்துச் சகோதரர்களின் விழா. நாம் இங்கு கவனிக்க விரும்புவது அந்த நிலவையும் நீரையும். இருளில் தேங்கியிருக்கும் நீர் வெளிப்படும் நாளை அவ்வூர் மக்கள் நிலவைக் கொண்டே குறித்துக்கொள்கிறார்கள். இன்றோ உலக நாடுகள் பல, நிலவின் தென்துருவத்திலேயே இருளில் தேங்கிக் கிடக்கும் நீரைத் தேடிப் புறப்பட்டிருக்கின்றன. அந்த நீர் யாருடையது, அதை யார் பங்கிடுவது என்ற கேள்வி நம் பிள்ளைகளின் காலத்தில் பெரிதாக எழும். அதற்கான பழைய பாடம் ஒன்று ஐயங்கார்குளத்துக்கு அண்மையிலேயே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது.

நிலவும் கதிரும் உள்ளவரை

காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றின் காலம் 919, 921 ஆகிய ஆண்டுகள். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து, வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்த முறையை அவை விவரிக்கின்றன. குடவோலை முறை என்று பள்ளிப் பாடத்தில் நாம் படித்தது இதுவே.

அந்த வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். அதற்கு 6 உறுப்பினர். பதவிக் காலம் ஓராண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வர இயலாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வர இயலாது. ஊரின் உயிர் ஏரியில் இருந்தது. ஆகவே ஏரியின் பொறுப்பு ஒருவர் கையிலேயே தங்கிவிடக் கூடாது என்பதில் அவர்கள் கண்டிப்பாக இருந்தனர். இந்த ஏற்பாடு எத்தனை காலம் நிலைக்க வேண்டும் என்பதையும் கல்வெட்டு சொல்கிறது. நிலவும் கதிரும் உள்ள காலம்வரை வாரியங்கள் குடவோலை மூலமே அமைய வேண்டும் என்பது அந்தச் சபையின் முடிவு.

அக்காலக் கல்வெட்டுகளில் இது வழக்கமான சொல்லாட்சி. மாறாத ஒன்றைக் காட்ட வேண்டுமென்றால் நிலவைக் காட்டினார்கள். நம் வக்ஃபு ஆவணங்களிலும் இதே கருத்து உண்டு. ஒரு நிலத்தையோ கிணற்றையோ வக்ஃபு செய்பவர் அதை நிரந்தரமாகவே விட்டுச் செல்கிறார்.

உண்மையில் நிலவு அத்தனை அசையாதது அன்று. 1969இல் அப்பல்லோ 11 வீரர்கள் நிலவின் தரையில் வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான்களை நோக்கிப் பூமியிலிருந்து லேசர் ஒளியைச் செலுத்தி, அது திரும்பி வரும் நேரத்தை அளக்கிறார்கள். அந்த அளவீடுகளின்படி நிலவு ஆண்டுக்குச் சுமார் 3.8 சென்டிமீட்டர் வீதம் நம்மைவிட்டு விலகிச் செல்கிறது. கடலின் ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும் அதே ஈர்ப்பே இதற்கும் காரணம். உத்திரமேரூர்க் கல்வெட்டு வெட்டப்பட்ட நாளிலிருந்து கணக்கிட்டால் நிலவு ஏறத்தாழ 42 மீட்டர் தள்ளிப் போயிருக்கிறது. ஹிஜ்ரத் நிகழ்ந்த 622ஆம் ஆண்டிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 53 மீட்டர். நிலவின் சராசரித் தொலைவு 3,84,400 கிலோமீட்டர் என்பதால் இந்த விலகலை எந்தக் கண்ணும் காணாது. எனினும் மாறாதது என்று நாம் எண்ணும் படைப்பும் தனக்கு விதிக்கப்பட்ட கணக்கின்படி நகர்ந்துகொண்டே இருக்கிறது.

காலம் காட்டும் கருவி

பிறைகளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, அவை மக்களுக்குக் காலத்தை அறிவிப்பவை என்று திருக்குர்ஆன் (2:189) விடை தருகிறது. யாசீன் அத்தியாயம் (36:39), மாதக் கடைசியின் மெலிந்த நிலவைப் பழைய பேரீச்சங் குலையின் வளைந்த காம்போடு ஒப்பிடுகிறது. ஒரு பிறையிலிருந்து அடுத்த பிறைக்குச் சராசரியாக 29.53 நாட்கள். ஆகவே நம் மாதம் 29 நாளில் முடியும், அல்லது 30 நாளில் முடியும். பன்னிரண்டு மாதங்களைக் கூட்டினால் சுமார் 354 நாட்கள். ஆங்கில ஆண்டைவிட 11 நாள் குறைவதால்தான் ரமலான் கோடையிலிருந்து குளிர்காலத்துக்கு நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது.

நிலவுக்கு மதிப்பளித்த அதே மார்க்கம் நிலவைப் பற்றிய அச்சத்தை நீக்கியது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. வானியலாளர்கள் அதை 632 ஜனவரி 27ஆம் நாள் என்று கணக்கிடுகின்றனர். மகனின் மறைவுக்காகவே வானம் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டனர். துயரத்தில் இருந்த ஒரு தந்தைக்கு அது ஆறுதலாகவும் அமைந்திருக்கக் கூடிய பேச்சு. ஆயினும் நபியவர்கள் அதை ஏற்கவில்லை. சூரியனும் நிலவும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை மறைவதில்லை என்று தெளிவாக அறிவித்தார்கள்.

அந்தத் தெளிவு அறிஞர்களுக்கு வழி திறந்தது. 997 மே 24 இரவில் சந்திர கிரகணம் நிகழ்ந்தபோது, குவாரிஸ்மில் இருந்த இளைஞர் அல்பிரூனியும் பக்தாதில் இருந்த அபுல் வஃபாவும் முன்னரே பேசி வைத்துக்கொண்டு அதனைக் கவனித்தனர். கிரகணம் எல்லா ஊர்களிலும் ஒரே கணத்தில் தொடங்கும். ஆனால் ஊருக்கு ஊர் உள்ளூர் நேரம் வேறுபடும். இருவரும் குறித்த நேரங்களின் வேறுபாட்டைக் கொண்டு இரண்டு ஊர்களுக்கும் இடையிலான தீர்க்கரேகை வேறுபாட்டைக் கணக்கிட்டார் அல்பிரூனி. நிலவை ஒரு கடிகாரமாகவே ஆக்கிப் பூமியை அளந்தார்கள்.

அவர் காலத்தவரான இப்னுல் ஹைஸம் நிலவின் ஒளியைப் பற்றித் தனி நூலே எழுதினார். நிலவு கண்ணாடியைப் போல் ஒளியைத் திருப்பி அனுப்புவதில்லை. ஒளிபட்ட பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எல்லாத் திசைகளிலும் ஒளி பரவுகிறது என்று விளக்கினார். இன்று நமக்குத் தெரிந்த நிலவின் தரை அதற்கு ஒத்திருக்கிறது. பால் போல் வெண்மையாகத் தோன்றும் நிலவு உண்மையில் கருமையான தூசு படிந்த உலகம். தன் மீது படும் ஒளியில் சுமார் 12 சதவீதத்தையே அது திருப்பி அனுப்புகிறது. பழைய தார்ச் சாலைக்கு நிகரான நிறம். சுற்றிலும் வானம் கருமையாக இருப்பதால்தான் நம் கண்ணுக்கு அது வெள்ளித் தட்டாகத் தெரிகிறது.

நிலவின் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது சில பெயர்களையும் சேர்த்துக் காட்டலாம். 1651இல் இத்தாலியப் பாதிரியார் ரிச்சியோலி நிலவின் பள்ளங்களுக்கு அறிஞர்களின் பெயர்களைச் சூட்டியபோது முஸ்லிம் அறிஞர்களையும் சேர்த்தார். அல்பத்தானி, அல்ஃபர்கானி, அஸ்ஸூஃபி, தொலேதோ நகரின் அஸ்ஸர்காலி ஆகியோர் பெயரால் பள்ளங்கள் உள்ளன. கலீஃபா மஃமூன் பெயரிலும் ஒன்று உண்டு. அல்பத்தானி பள்ளம் மட்டும் சுமார் 130 கிலோமீட்டர் அகலம் கொண்டது; காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குப் போகும் தொலைவைவிடப் பெரிது. பூமியிலிருந்து காண முடியாத மறுபுறத்தில் அல்பிரூனிக்கும் அபுல் வஃபாவுக்கும் இடம் உண்டு. கிரகணத்தை இரு ஊர்களில் இருந்து பார்த்த இருவரும் இன்று நிலவின் ஒரே பக்கத்தில் இருக்கிறார்கள்.

பெருமை பேச இவை நல்ல செய்திகள். ஆனால் அந்தப் பட்டியலில் நம் பெயர்கள் பெரும்பாலும் பழையவை என்பதையும் மறைக்க இயலாது. அண்மைக் காலத்தில் அப்பல்லோ திட்டத்துக்கு இறங்குமிடங்களைத் தேர்வதிலும், விண்வெளி வீரர்களுக்கு நிலவின் நில அமைப்பைக் கற்பிப்பதிலும் எகிப்தைச் சேர்ந்த நிலவியலாளர் ஃபாரூக் அல்பாஸ் முக்கியப் பங்காற்றினார். தமிழ் மண்ணிலும் ஒருவர் இருந்தார்.

கலாம் சொன்ன யோசனை

2008 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-1 புறப்பட்டது. அதன் திட்ட இயக்குநர், பொள்ளாச்சிப் பகுதியின் கோதவாடி கிராமத்தைச் சேர்ந்த மயில்சாமி அண்ணாதுரை. நிலவைச் சுற்றி வந்து படமெடுப்பதே அந்தக் கலத்தின் முதல் நோக்கமாக இருந்தது. அவ்வளவு தூரம் போகிறவர்கள் நிலவின் தரையையும் தொட வேண்டாமா என்ற யோசனையை வலியுறுத்தியவர் இராமேசுவரத்தின் மைந்தர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். அதன் பயனாக, பக்கங்களில் நம் தேசியக்கொடி தீட்டிய சிறு மோதுகலம் ஒன்று சேர்க்கப்பட்டது. அதன் எடை 35 கிலோவை ஒட்டியது.

2008 நவம்பர் 14 இரவு அது தாய்க்கலத்திலிருந்து பிரிந்தது. சுமார் 25 நிமிடம் விழுந்து, தென்துருவத்தின் ஷாக்கிள்டன் பள்ளத்தருகே மோதித் தன் வாழ்வை முடித்துக்கொண்டது. ஆனால் விழும் வழியெங்கும் அதிலிருந்த ஒரு கருவி, நிலவைச் சூழ்ந்த மிக மெல்லிய வாயுக்களை முகர்ந்துகொண்டே சென்றது. அதில் நீராவியின் அடையாளம் பதிவாயிற்று. தாய்க்கலத்தில் இருந்த நாசாவின் மற்றொரு கருவியும் நிலவின் பரப்பில் நீர் மூலக்கூறுகளின் தடயத்தைக் கண்டது. 2009 செப்டம்பரில் அச்செய்தி வெளியானது. எலும்பைப் போல் உலர்ந்தது என்று உலகம் எண்ணியிருந்த நிலவில் ஈரம் இருந்தது.

அடுத்த மாதமே, 2009 அக்டோபர் 9 அன்று, நாசா ஓர் ராக்கெட் பகுதியைத் தென்துருவத்தின் கேபியஸ் என்ற பள்ளத்தில் மோதச் செய்தது. எழுந்த புழுதியை ஆராய்ந்தபோது, எடையில் சுமார் 5 சதவீதம் நீர் இருந்ததாகக் கணித்தனர். சந்திரயான்-1 அனுப்பிய பதிவுகளை 2018இல் மீண்டும் ஆராய்ந்தவர்கள், துருவப் பள்ளங்களின் நிழலில் மேற்பரப்பிலேயே பனிக்கட்டி இருப்பதற்கான நேரடிச் சான்றை வெளியிட்டனர்.

வெயிலில் கொதிக்கும் நிலவில் பனி எப்படித் தங்கியது? பூமியின் அச்சு 23 பாகைக்கு மேல் சாய்ந்திருக்கிறது. நிலவின் அச்சோ சுமார் ஒன்றரைப் பாகை மட்டுமே சாய்ந்துள்ளது. ஆகவே துருவத்தில் சூரியன் எப்போதும் அடிவானத்தை ஒட்டியே நகரும். ஆழமான பள்ளங்களின் அடித்தளத்தில் பல கோடி ஆண்டுகளாக வெயில் பட்டதே இல்லை. அங்குக் குளிர் உறைநிலைக்குக் கீழே 200 டிகிரியைத் தாண்டும். அந்த இருட்டில் சேர்ந்த நீர் கல்லைப் போல் உறைந்து கிடக்கிறது.

நாமக்கல் மண்ணும் ஸஃபர் மாதத்துப் புதனும்

நிலவில் இறங்க விரும்பிய இஸ்ரோவுக்கு முதலில் வேண்டியிருந்தது நிலவின் மண். இறங்கும் கலத்தையும் ஊர்தியையும் அத்தகைய தரையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து அப்படிப்பட்ட செயற்கை மண்ணை வாங்கினால் செலவு மிகும். நிலவின் மேட்டு நிலங்களில் உள்ள பாறையின் பெயர் அனார்த்தோசைட். அதை ஒத்த பாறை நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களில் கிடைக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியலாளர்களின் துணையோடு அந்தப் பாறை எடுத்து நுண்தூளாக அரைக்கப்பட்டது. டன் கணக்கில் பெங்களூருக்குச் சென்றது. நிலவில் ஓட வேண்டிய சக்கரங்கள் முதலில் நாமக்கல் மண்ணில் ஓடின.

சந்திரயான்-2 திட்டத்தின் இயக்குநர் தமிழ்நாட்டைச் சேர்ந்த மு. வனிதா, அப்போது இஸ்ரோவின் தலைவர் குமரி மாவட்டத்தின் கை. சிவன். 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் விக்ரம் இறங்குகலம் நிலவின் தரைக்கு மிக அருகில் வந்து தொடர்பை இழந்தது. அது எங்கே விழுந்தது என்பதைத் தேடி, நாசா வெளியிட்ட படங்களை இரவெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்துச் சிதறலை முதலில் கண்டவர் சென்னையில் பணிபுரிந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். 2019 டிசம்பரில் நாசா அதை உறுதி செய்து அவருக்கு உரிய பாராட்டை அளித்தது. ஒரு கணினியும் பொறுமையும் இருந்தால் வீட்டிலிருந்தே நிலவின் வரலாற்றில் பங்கு பெறலாம் என்பதற்கு இது சான்று.

தோல்வியிலிருந்து கற்றுக்கொண்டவர்கள் மீண்டும் முயன்றனர். சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல்; ரயில்வே ஊழியரின் மகன், பட்டயப் படிப்பில் தொடங்கி ஆய்வுப் பட்டம்வரை உயர்ந்தவர். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6 மணி 4 நிமிடத்துக்கு விக்ரம் மெல்லத் தரை தொட்டது. தென் அட்சரேகை 69 பாகையில், அதுவரை எந்த நாடும் இறங்கியிராத பகுதி அது.

அந்த நேரத்தைத் தீர்மானித்ததும் பிறைதான் என்பது பலர் அறியாத செய்தி. நிலவில் பகல் ஏறத்தாழ 14 நாள், இரவும் அவ்வாறே. சூரிய ஒளியில் இயங்கும் கலம் அங்கே விடியும்போது இறங்கினால்தான் முழுப் பகலும் வேலை செய்யலாம். நாம் பிறை வளர்கிறது என்று சொல்வது நிலவின் ஒவ்வொரு நிலப்பகுதியிலும் விடியல் பரவுவதையே. ஹிஜ்ரி 1445 ஸஃபர் மாதப் பிறை வளர்ந்து வந்து விக்ரமின் இடத்துக்கு வெளிச்சம் தந்திருந்த மாலை அது. நம் ஊர் வானிலும் மஃரிப் பாங்குக்குச் சற்று முன் ஏறக்குறைய அரை நிலவு நின்றது. அன்று புதன்கிழமை. ஸஃபரைப் பீடை மாதம் என்றும், அதன் புதன்களை ஆகாத நாள் என்றும் அஞ்சும் வழக்கம் சில வீடுகளில் இன்றும் உண்டு. ஸஃபரில் பீடை இல்லை என்று நபியவர்கள் 1400 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். நாட்டின் பெருவெற்றிகளுள் ஒன்று ஸஃபர் மாதத்துப் புதனில் வந்தது என்பதையாவது அந்த அச்சம் உள்ளோர் நினைவில் கொள்ளட்டும்.

இறங்கிய பின் விக்ரம் நிலவின் தரைக்குள் ஒரு வெப்பமானியைச் செருகியது. மேலே 50 டிகிரியை ஒட்டிய வெப்பம். வெறும் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் உறைநிலைக்குக் கீழே சுமார் 10 டிகிரி. ஒரு சாண் ஆழம்கூட இல்லை. பிரக்யான் ஊர்தி சுமார் 100 மீட்டர் ஊர்ந்து மண்ணைச் சோதித்தது. அங்கு அனார்த்தோசைட் வகைப் பாறையின் தன்மையே இருந்தது என்று 2024இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். ஒரு காலத்தில் நிலவு முழுவதும் உருகிய குழம்பாக இருந்து, எடை குறைந்த கனிமங்கள் மேலே மிதந்து உறைந்தன என்ற கருத்துக்கு அது வலுச் சேர்த்தது. நாமக்கல் மண்ணைத் தேர்ந்தவர்கள் தவறவில்லை.

மழை பெய்யாத ஏரி

இனி வரப் போவது நீருக்கான பயணங்கள். நிலவில் மனிதர் தங்க வேண்டுமானால் குடிக்க நீர் வேண்டும். நீரைப் பிரித்தால் சுவாசிக்க ஆக்சிஜன் கிடைக்கும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ராக்கெட்டுக்கு எரிபொருளும் ஆகும். பூமியிலிருந்து ஒவ்வொரு குடம் நீரையும் ஏற்றிச் செல்வதைவிட அங்கேயே எடுப்பது எளிது என்று கருதுகிறார்கள்.

அமெரிக்காவின் ஆர்ட்டெமிஸ் திட்டம் மனிதரைத் தென்துருவப் பகுதிக்கு அனுப்ப நோக்கம் கொண்டது. சீனா 2024இல் நிலவின் மறுபுறத்திலிருந்து ஏறத்தாழ 2 கிலோ மண்ணைக் கொண்டுவந்தது. நிலவின் மறுபுற மண் பூமிக்கு வந்தது அதுவே முதன்முறை. அதன் சாங்கே-7 கலம் தென்துருவ நீரைத் தேடுவதற்கென வடிவமைக்கப்பட்டது. நிலவின் மண்ணைக் கொண்டுவரும் சந்திரயான்-4 திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் நம் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஜப்பானுடன் இணைந்து துருவ நீரை ஆராயும் சந்திரயான்-5க்கு 2025இல் ஒப்புதல் கிடைத்தது. 2040க்குள் இந்தியர் ஒருவர் நிலவில் கால் பதிக்க வேண்டும் என்பது நாட்டின் இலக்கு. ஐக்கிய அரபு அமீரகம் 2022இல் அனுப்பிய ராஷித் ஊர்தி, அதைச் சுமந்து சென்ற ஜப்பானியக் கலம் 2023 ஏப்ரலில் தரையிறங்கும்போது விழுந்ததால் பயன்படாமல் போயிற்று. ஆயினும் முஸ்லிம் நாடுகளும் இந்தப் பயணத்தில் இறங்கிவிட்டன என்பதை அது காட்டியது.

இங்கே ஐயங்கார்குளத்தை நினைவுகூர வேண்டும். அக்குளத்தில் நீர் வற்றினால் அடுத்த மழைக்குக் காத்திருக்கலாம். நடவாவியின் மண்டபத்திலிருந்து இறைத்த நீர் ஊற்றிலிருந்து மீண்டும் ஊறி நிறையும். நிலவின் பனி அப்படி ஊறி வருவது அன்று. பல கோடி ஆண்டுகளில் சேர்ந்ததை ஒரு தலைமுறை எடுத்துத் தீர்த்துவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அது திரும்பாது. நிழல் படிந்த பள்ளங்களும், அவற்றின் விளிம்பில் சூரிய ஒளி நெடுநேரம் தங்கும் மேடுகளும் சிலவே. முதலில் சென்றவர் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆபத்து உண்மையானது.

சட்டம் என்ன சொல்கிறது? 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கையின்படி எந்த நாடும் நிலவைத் தன் உடைமை என்று கூற இயலாது. இந்தியா உட்பட 100க்கு மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றுள்ளன. ஆனால் அங்கிருந்து தோண்டி எடுத்த பொருள் யாருக்கு என்பதை அது தெளிவாகக் கூறவில்லை. 1979இல் வந்த நிலவு உடன்படிக்கை, அங்குள்ள வளம் மனித குலத்தின் பொதுச் சொத்து என்றது. 20 நாடுகள்கூட அதில் இல்லை. மொராக்கோ, பாகிஸ்தான், துருக்கி, குவைத் போன்றவை அதில் இருக்கின்றன. சவூதி அரேபியா 2012இல் சேர்ந்து, 2024 ஜனவரியில் விலகிவிட்டது. இந்தியா 1982இல் கையொப்பமிட்டதோடு நின்றது. இறுதி ஒப்புதல் அளிக்கவில்லை. 2020இல் அமெரிக்கா முன்வைத்த ஆர்ட்டெமிஸ் ஒப்பந்தங்கள், வளத்தை எடுப்பது நிலத்தை உடைமையாக்குவது ஆகாது என்ற கருத்தைக் கொண்டவை. 2023 ஜூனில் இந்தியா அதில் இணைந்தது. சீனாவும் ரஷ்யாவும் தனியே ஓர் ஆய்வு நிலையத்தை அமைக்கத் திட்டமிடுகின்றன. ஆக, ஏரி இருக்கிறது. அதற்குப் பொதுவான வாரியம் இல்லை.

ரூமா கிணறு

மதீனாவில் ரூமா என்றொரு கிணறு இருந்தது. அதன் உரிமையாளர் நீரை விலைக்கு விற்றுவந்தார், வறியவர்கள் வருந்தினர். அதை வாங்கி மக்களுக்கு அளிப்பவருக்குச் சொர்க்கம் உண்டு என்று நபியவர்கள் நற்செய்தி கூறினார்கள். உஸ்மான் (ரலி) அதை விலை கொடுத்து வாங்கி, எல்லாரும் குடிக்க விட்டுவிட்டார்கள். தாமும் மற்றவர்களைப் போலவே அதிலிருந்து நீர் எடுத்துக்கொண்டார்கள். நீரிலும் மேய்ச்சலிலும் நெருப்பிலும் மக்கள் பங்காளிகள் என்பது நபிமொழியின் கருத்து. நீர், உணவு தரும் நிலம், எரிபொருள் என்று அதைப் பார்த்தால், நிலவின் பனியைப் பற்றிய இன்றைய வழக்குக்கும் அது பொருந்துகிறது.

உத்திரமேரூர் ஏரி வாரியத்திலும் குறை இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு நேர்மையாகாது. அது பிராமணர் சபையின் வாரியம். நிலமும் மறைக் கல்வியும் உடைய ஆண்களுக்கே குடத்தில் ஓலை இருந்தது. ஏரி நீரில் உழுதவர்கள், நாற்று நட்ட பெண்கள் ஆகியோரின் பெயர்கள் அந்தக் குடத்தில் இல்லை. இன்றும் ராக்கெட் உடைய சில நாடுகளின் ஓலைகள் மட்டுமே குடத்தில் இருக்கின்றன. கணக்குக் காட்டாதவரை விலக்கிய கண்டிப்பை அந்தக் கல்வெட்டிலிருந்து கற்றுக்கொள்வோம். எல்லாருக்கும் ஓலை வேண்டும் என்ற நீதியை ரூமா கிணற்றிலிருந்து கற்றுக்கொள்வோம். ராக்கெட்டும் நீண்ட நீர்நிலை வரலாறும் ஒருங்கே உடைய நம் நாடு, அந்தப் பேச்சு எழும் அவைகளில் இதை எடுத்துச் சொல்லத் தகுதியுடையது. அங்கே பேசப் போகிறவர்கள் இன்று நம் வீடுகளில் பள்ளிக்கூடப் பையைச் சுமக்கும் பிள்ளைகளாக இருக்கலாம். அதற்கு வானியலும் படிக்க வேண்டும். சட்டமும் படிக்க வேண்டும்.

அடுத்த மாதம் 29ஆம் நாள் மாலை மஃரிப் தொழுகைக்குப் பின் மேற்கு வானத்தைப் பார்க்கும்போது பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்வோம். மெல்லிய பிறைக்கு அப்பால், நிலவின் இருண்ட வட்டம் மங்கலாகத் தெரிந்தால் காட்டுவோம். அது நம் பூமி பட்ட ஒளியைத் திருப்பி அனுப்புவதால் உண்டாகும் வெளிச்சம். அந்த வட்டத்தின் தென்கோடியில் இராமேசுவரத்து மனிதரின் யோசனையால் விழுந்த சிறு பெட்டியும், அதைச் சூழ்ந்த நிழலில் இன்னும் யாரும் தொடாத நீரும் இருக்கின்றன என்று சொல்வோம். பிறையைக் கண்டதும் வழக்கமாகக் கேட்கும் பாதுகாப்பும் அமைதியும் அந்த நீரைப் பங்கிடப் போகும் தலைமுறைக்கும் கிடைக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக.